காசோலையா, அரிசிப் பையா, ஆள் நேரமா: சிறு நிறுவனம் அக்கம்பக்கத்துக்கு எதைக் கொடுப்பது?

எங்களுடையது சிங்கப்பூரில் எட்டுப் பேர் வேலை பார்க்கும் ஏர்கான், மின்வேலை நிறுவனம். நாம் பிழைக்கும் பேட்டைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று முதல் வருடம் காசோலை கொடுத்தோம். மறு வருடம் தீபாவளிக்கு அரிசியும் எண்ணெயும் போட்ட பைகள். அப்புறம், மாதம் ஒரு சனிக்கிழமை காலை இரண்டு பேரை முதியவர்கள் இருக்கும் வாடகை வீடுகளுக்குப் பழுதுபார்க்க அனுப்ப ஆரம்பித்தோம். இன்றுவரை அதில்தான் நிலைத்திருக்கிறோம், என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

காசோலையில் கணக்கு சுலபம். ஐபிசி தகுதி, அதாவது கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் தகுதி, பெற்ற அறநிறுவனத்துக்கு 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தால் வருமானத்தில் 2,500 வெள்ளியைக் கழிக்கலாம். 17 விழுக்காட்டு நிறுவன வரியில் 425 வெள்ளி மிச்சம். சிறு லாபத்துக்கு ஏற்கெனவே பகுதி வரிவிலக்கு உண்டு என்பதால் எங்களுக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. சிலர் மாதாமாதம் சிண்டாவுக்கு (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) போகும் தொகையையும் நிறுவனத்தின் கொடையாகச் சொல்கிறார்கள். அது ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடிக்கும் பணம், அவருடைய கொடை. டயாலிசிஸ் போன்ற பெரிய செலவுகளுக்கு ரொக்கம்தான் உதவும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

அரிசிப் பைக்கு அந்த 250 விழுக்காட்டுக் கழிவு கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு பாட்டி வீட்டில் கட்டிலுக்கடியில் ஏற்கெனவே மூன்று பைகள் இருந்தன, எல்லாம் அதே மாதம் வந்தவை. மார்ச் மாதம் யாரும் வருவதில்லை என்றார்.

அதே வீட்டில்தான் இன்னொன்றையும் பார்த்தோம். சமையலறை விளக்கு எரியாமல் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. ராத்திரியில் ஐஸ்பெட்டிக் கதவைத் திறந்து, அந்த வெளிச்சத்தில் தண்ணீர் ஊற்றிக் குடித்திருக்கிறார். ஸ்டார்ட்டரை மாற்றினோம், விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. சாமான் விலை சில வெள்ளிதான். நாற்காலியில் ஏற அவருக்கு ஆள் இல்லை.

ஒருமுறை போய்ப் பழுதுபார்ப்பதை யாரும் செய்துவிடலாம். திரும்பிப் போவதில்தான் எல்லாம் இருக்கிறது. பழுதுபார்க்கப் போக ஆரம்பித்த முதல் வருடம் ஏப்ரல், மே வெயிலில் ஏர்கான் வேலை குவிந்ததும் இரண்டு மாதம் போகவில்லை. ஜூனில் போனபோது அந்தப் பாட்டி, “இனி வரமாட்டீங்கன்னு நெனச்சேன் தம்பி” என்றார். விசிறி கடகடக்கிறது, குளியலறைச் சுவிட்சு சூடாகிறது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் வரிசையாக எழுதி வைத்திருந்தார். சூடாகும் சுவிட்சோடு இரண்டு மாதம் இருந்திருக்கிறார். எனக்கு அன்று நெஞ்சு பதறியது.

அதற்குப் பிறகு அந்தச் சனிக்கிழமையை வாடிக்கையாளர் வேலையைப் போலவே அட்டவணையில் எழுதிவிட்டோம். எவ்வளவு பெரிய வேலை வந்தாலும் நகர்த்துவதில்லை. முழுச் சம்பளம் உண்டு. போகிறவர்களில் ஒருவராவது போன மாதம் போனவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதியவர்கள் கதவைத் திறக்கத் தயங்குகிறார்கள். சாமான் செலவு எந்த மாதமும் நூறு வெள்ளியைத் தாண்டியதில்லை.

வரியிலும் இதற்கு வழி இருக்கிறது. ஐபிசி அமைப்பு ஒன்றோடு முன்கூட்டியே ஒப்புக்கொண்டு போனால், நிறுவனத் தொண்டூழியத் திட்டத்தில் அந்த நேரத்துச் சம்பளத்துக்கும் 250 விழுக்காடு கழிவு உண்டு. 2024 முதல் அமைப்பின் வளாகத்துக்கு வெளியே செய்யும் தொண்டும் சேரும். எங்களைப் போல வீடு வீடாகப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு இதே முடிவு பொருந்துமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, நான் அடுப்படி நடத்தியவனில்லை. அவர்கள் கையில் இருப்பது உணவு. பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றி உணவு தானம் செய்வோரைச் சட்டப் பொறுப்பிலிருந்து காக்கும் சட்டமும் 2024 ஆகஸ்ட்டில் நிறைவேறியது. அங்கேயும் தீபாவளிக்கு ஒருநாள் நூறு பொட்டலம் கொடுப்பதைவிட, வாரம் ஒருநாள் பத்துப் பொட்டலத்தைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்று: வயரிங்கில் கைவைக்க வேண்டியிருந்தால் உரிமம் பெற்ற மின்பணியாளர் இல்லாமல் தொடாதீர்கள். அப்புறம், ஒரே ஒரு புளோக்கோடு, அதாவது ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தோடு, தொடங்குங்கள். நாங்கள் மூன்று புளோக் என்று ஆரம்பித்து, பாதி வீடுகளுக்குத் திரும்பிப் போக முடியாமல், ஒன்றாகக் குறைத்துக்கொண்டோம்.