ராகிக் களியா, ரேஷன் அரிசியா, சாமையா? கோத்தகிரி அடுப்படிக் கணக்கு

அம்மாவுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து எங்கள் கோத்தகிரி வீட்டில் சோற்றுக்கு மரியாதை போய்விட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "ராகிக்கு மாறிடுங்க, சர்க்கரை ஏறவே ஏறாது" என்றார்கள். மாறினோம். களி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால், சோறு சாப்பிட்ட நாளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 பட்டியலைப் பார்த்தபோது காரணம் புரிந்தது. 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம் என்றால், ராகியிலும் 67 இருக்கிறது. ராகி ஜெயிப்பது நார்ச்சத்தில்: 11 கிராம், அரிசியில் 3கூட இல்லை. கால்சியத்தில் போட்டியே கிடையாது.

ஆனால் நைசாக அரைத்த மாவைச் சலித்து, தவிட்டைக் கொட்டிவிட்டுக் கஞ்சியாகக் காய்ச்சினால் அந்த நாரில் ஒரு பங்கு போச்சு. கஞ்சி சீக்கிரம் செரித்து, சர்க்கரையும் வேகமாக ஏறும். களி தேவலை. அதிலும் ஒரு வில்லங்கம்: களியை யாரும் மெல்லுவதில்லை. குழம்பில் புரட்டினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். அம்மா பிடிக்கும் உருண்டை சின்னத் தேங்காய் அளவு. இரண்டு உள்ளே போன பிறகுதான் வயிறு 'போதும்' என்கிறது.

ரேஷன் அரிசி 2011 முதல் இலவசம். காலையிலிருந்து கொழுந்து பறித்துவிட்டு வருகிறவரிடம் அதை விடச் சொல்ல எனக்கு வாய் வராது. அதிலும் புழுங்கல், பச்சரிசியைவிட மெதுவாகத்தான் செரிக்கும். தட்டில் சோறு மலையாகவும், ஓரத்தில் ஊறுகாய் மட்டுமாகவும் இருப்பதுதான் கோளாறு. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் அவரைக்கொட்டைக் குழம்பு, கீரை, கேரட் பொரியல் வைத்தால் அதே அரிசி வேறு சாப்பாடாகிவிடும். பச்சை அவரை வராத மாதங்களில் காய்ந்த பட்டர் பீன்ஸை ராத்திரியே ஊறவைத்து, குக்கரில் குழைய விடாமல் எடுக்கிறோம். களிக்கும் அதே குழம்புதான்.

சாமை இரண்டுக்கும் நடுவில். நார்ச்சத்து 8 கிராம் அளவுக்கு உண்டு, சோறு மாதிரியே உதிரியாக வேகும். பெரியவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். விலையும் கல் அரிக்கும் வேலையும்தான் தடை.

என் ஓட்டு: மத்தியானம் அரைத்தட்டுச் சோறு, ராத்திரி சலிக்காத மாவில் ஒரே ஒரு சின்ன உருண்டை, ஞாயிற்றுக்கிழமை சாமை. மாத்திரையில் கைவைக்கவில்லை, அது டாக்டர் பாடு.

இதெல்லாம் அளந்த பிறகுதான் டீ கண்ணில் பட்டது. இந்தக் குளிருக்கு நாளைக்கு ஐந்து டம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை: 40 கிராம். 25-க்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடவே மைதாவும் வனஸ்பதியும் சேர்ந்த வர்க்கி பிஸ்கட் வேறு. அம்மா ஒரு ஸ்பூனுக்கு இறங்கிவிட்டார். வர்க்கி பற்றிய பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.