ஐபி கேமரா: படம் அருமை, நேரம்தான் உயிரை வாங்குகிறது

மதுரை கீழமாசி வீதியில் எங்களைப் போலவே பருப்பு வியாபாரம் பார்க்கும் நண்பர் ஒருவர், குடோனுக்கு ஐபி கேமரா (நெட்வொர்க் வயரில் படம் அனுப்பும் வகை) போடலாமா, பழைய வகை அனலாக்கே போதுமா என்று கேட்டார். சர்வீசுக்குப் போய் வந்த என்விஆர் (ஐபி கேமராக்களின் படத்தைப் பதியும் பெட்டி) செய்த வேலையில் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிந்தாமணி குடோனில் ஒரே கேட்-6 நெட்வொர்க் வயரில் படமும் வருகிறது, கேமராவுக்குக் கரண்டும் போகிறது. பிஓஇ என்கிற இந்த ஏற்பாட்டுக்கு 2003லேயே தரம் வகுத்துவிட்டார்கள். அதன்படி, வயர் செருகும் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும், சாதாரண கேமராவுக்கு அது தாராளம். கேமராவுக்குக் கேமரா அடாப்டர் தொங்கவிட்டு, மழைக்காலத்தில் அது ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்த தொல்லை அடியோடு ஒழிந்தது. ஆபீஸ் அறையில் ஒரே யுபிஎஸ், அதில் என்விஆரும், கேமரா வயர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சும். கரண்ட் போனாலும் குடோன் முழுக்கப் பதிவாகிக்கொண்டே இருக்கும். கடையிலும் இதே ஏற்பாடுதான், சித்திரைத் தேரோட்டத்துக்காக மாசி வீதியில் கரண்டை நிறுத்தியபோதும் வாசல் கூட்டம் ஒரு நொடி விடாமல் பதிவாகியிருந்தது. மூட்டையில் அச்சடித்த எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடிகிறது. குடோன் வாசல் கேட் வரை வயர் 100 மீட்டரைத் தாண்டியதால் நடுவில் இன்னொரு ஸ்விட்ச் வைக்க வேண்டி வந்தது, அது ஒரு பெரிய விஷயமில்லை.

பிரச்சினை கடிகாரத்தில்.

அனலாக்கில் எல்லா கேமராவுக்கும் சேர்த்து டிவிஆர் என்ற பதிவுப் பெட்டி ஒன்றே நேரத்தைப் போடும். சரியோ தப்போ, எல்லாம் ஒரே நேரம். ஐபியில் ஒவ்வொரு கேமராவும் தனக்கென்று ஒரு கடிகாரம் வைத்துக்கொண்டு படத்தின் மேல் தானே நேரத்தை எழுதி அனுப்புகிறது, என்விஆரோ தன் கடிகாரப்படி கோப்பைப் பதிகிறது. ரெண்டும் ஒத்துப்போகாவிட்டால், திரைக்குக் கீழே ஓடும் பட்டியில் 3.10 என்றும் அதே படத்தின் மூலையில் 2.57 என்றும் நிற்கும். எதை நம்புவது?

குடோன் வைத்திருப்பவனுக்கு இது சின்ன விஷயமில்லை. எடைமேடைச் சீட்டில் ஒரு நேரம், வாசல் கதவைத் திறக்கும் கைரேகை மெஷினில் ஒரு நேரம், கேமராவில் ஒரு நேரம். லோடு இறக்கிய பிறகு மூட்டை குறைந்தால் இந்த மூன்றையும் வைத்துத்தான் யார் உள்ளே இருந்தார்கள் என்று பார்க்கிறோம். பதிமூன்று நிமிடம் பிசகினால் ஒரு லோடுமேன் மேல் வீணாகப் பழி விழும். வருஷக்கணக்காக நம்மிடம் மூட்டை தூக்கும் ஆளை ஒரு மெஷினின் சோம்பேறித்தனத்துக்காகச் சந்தேகப்பட எனக்கு மனசு வராது.

இடி மின்னலில் போர்டு போய் சர்வீசுக்குக் கொடுத்தோம். திரும்பி வந்த என்விஆரில் நேர மண்டலம் சீனாவின் கணக்கில், அதாவது கிரீன்விச்சிலிருந்து எட்டு மணி நேரம் முன்னால் இருந்தது. நமக்கு ஐந்தரை. ஆக எல்லாமே இரண்டரை மணி நேரம் முன்னே ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு இறங்கிய லோடு மறுநாள் தேதியில் 12.30க்குப் போய் உட்கார்ந்திருக்கிறது, நாங்கள் அன்றைய தேதியில் தேடித் தேடி ஒன்றும் இல்லை என்று பதறியதுதான் மிச்சம். மாட்டியவரைக் கூப்பிட்டால், "படம் வருதுல்லண்ணே, டயத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

சரி, நேரம் ஏன் பிசகுகிறது? சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் நாளுக்கு ஒன்றிரண்டு விநாடி நகரும், ஒரு மாதத்தில் அதுவே ஒரு நிமிடத்தை நெருங்கும். பேட்டரி இல்லாத கேமரா என்றால் கரண்ட் போய் வந்ததும் 1970 ஜனவரி 1 மாதிரி ஏதோ ஒரு பழைய தேதிக்கே போய்விடும். நெட்டிலிருந்து சரியான நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். இந்திய நேரத்தைக் காக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகமே அதைத் தருகிறது. ஆனால் கேமராக்களை நேராக நெட்டில் திறந்துவிடக் கூடாது. 2016இல் மிராய் வைரஸ் உலகம் முழுக்கப் பிடித்ததில் நிறைய, பாஸ்வேர்டு மாற்றாமல் கிடந்த கேமராக்களும் டிவிஆர்களும்தான். அதனால் அவற்றைத் தனி நெட்வொர்க்கில் பூட்டி வைக்கிறோம், அப்படிப் பூட்டியதும் நேரம் கேட்க அவற்றுக்கு என்விஆரை விட்டால் வேறு ஆள் இல்லை. எங்கள் என்விஆர் தன் கம்பெனி கேமராக்களுக்கு ஒழுங்காக நேரம் கொடுக்கிறது, ஓஎன்விஎஃப் என்ற பொதுத் தரத்தின் வழியாகச் சேர்த்த வேறு கம்பெனி கேமரா இரண்டை மட்டும் கண்டுகொள்வதே இல்லை. ஒரே தரம், எதுவும் எதோடும் பேசும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள்!

கோர்ட் வரை போனால் இன்னும் சிக்கல். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி, வீடியோவைக் கொடுக்கும்போது ஹாஷ் மதிப்போடு (கோப்பிலிருந்து கணக்கிடும் ஓர் அடையாள எண்) சான்றிதழும் தர வேண்டும். கோப்பில் யாரும் கை வைக்கவில்லை என்பதைத்தான் ஹாஷ் காட்டும். அதில் பதிந்த நேரம் சரியா என்பதை அது சொல்லாது.

இவ்வளவு நல்ல படம், யுபிஎஸ் வசதி எல்லாம் சொல்லிவிட்டு, நண்பருக்கு நான் சொன்ன பதில்: அனலாக்கே போடுங்கள். எங்கள் அடுத்த ஷெட்டுக்கும் அதுதான். படம் கொஞ்சம் மங்கலாக இருந்துவிட்டுப் போகட்டும், ஒரே கடிகாரம் போதும்.

இல்லை, ஐபிதான் வேண்டும் என்பவர்கள் எல்லா கேமராவும் என்விஆரும் ஒரே கம்பெனியில் எடுங்கள். பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன் மெயினை அணைத்து, யுபிஎஸ்ஸையும் கழற்றி, அரை மணி நேரம் கழித்துப் போடச் சொல்லுங்கள். போனில் இருக்கும் நேரத்தோடு ஒவ்வொரு சேனலையும், கைரேகை மெஷினையும் ஒத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே நிமிடத்தைக் காட்டினால் பணத்தைக் கொடுங்கள்.