தூங்காத பூனையும் 10 வெள்ளியும்

மலேசியாவில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு சின்ன கணினிக் கடை. விண்டோஸில் அழித்த கோப்புகள் போய்ச் சேரும் குப்பைத்தொட்டியான ‘ரீசைக்கிள் பின்’ ஐகானுக்கு (சின்னப் படத்துக்கு) மகள் பூனைப் படம் போட்டிருந்தாள். குப்பை இருந்தால் விழித்திருக்கும், காலியானால் தூங்கணும். எங்கே தூங்கியது? திரையைப் புதுப்பிக்கும் எஃப்5 விசையைத் தட்டினால்தான் கண்ணை மூடும். வேறொரு கடையில் விண்டோஸையே மாற்றணும், 80 வெள்ளி என்றார்கள்.

இங்கே தம்பி பார்த்ததுமே, “அண்ணே, படம் நீங்களா போட்டதா?” என்று கேட்டுவிட்டு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் டீஃபால்ட்ஐகான் என்ற இடத்துக்குப் போய், மூன்று வரியிலும் ஐகான் கோப்பின் பெயருக்குப் பின்னால் இடைவெளி விடாமல் ஒரு காற்புள்ளி, ஒரு சுழியம் சேர்த்தார், அப்புறம் கணினியை ஒருமுறை மூடித் திறந்தார், அவ்வளவுதான். 10 வெள்ளி. உட்கார நாற்காலிதான் இல்லை.