ரால்ஸ், நோசிக், சென்: யார் சொல்லும் நீதி செல்லும்?

சொத்தும் வாய்ப்பும் யாருக்கு எவ்வளவு சேர வேண்டும்? கடந்த அரை நூற்றாண்டில் அரசியல் தத்துவக்காரர்கள் அதிகம் மோதிக்கொண்டது இந்தக் கேள்வியில்தான்.

1971இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் ஜான் ரால்ஸ் ஒரு கற்பனையோடு வந்தார். எந்தக் குடும்பத்தில், என்ன திறமையோடு பிறப்போம் என்று தெரியாதபடி ஒரு அறியாமைத் திரைக்குப் பின்னால் நின்று சமூகத்தின் விதிகளை எழுதுகிறோம். எப்படி எழுதுவோம்? எல்லோருக்கும் சமமான அடிப்படைச் சுதந்திரம் முதலில். அப்புறம் நியாயமான சம வாய்ப்பு. அதற்குமேல் ஏற்றத்தாழ்வு இருந்தால், அது கடைசித் தட்டில் இருப்பவருக்கு அதிக நன்மை தருவதாக இருக்க வேண்டும்.

1974இல் அதே ஹார்வர்டின் தத்துவத் துறையிலிருந்து ராபர்ட் நோசிக் இதை மறுத்தார். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது முக்கியமில்லை, அது எப்படி வந்தது என்பதே கேள்வி என்றார். கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லினின் ஆட்டத்தைப் பார்க்க ஆளுக்கு 25 சென்ட் அவருக்கென்று தனியாகக் கொடுக்கிறார்கள். பத்து லட்சம் பேர் வந்தால் 2,50,000 டாலர். எல்லோரும் விரும்பிக் கொடுத்த பணம். இதில் அநீதி எங்கே?

கெட்டிக்கார உதாரணம்தான். ஆனால் ரசிகர்கள் கையில் இருந்த பணம் நியாயமாக வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டால்தான் இது நிற்கும். பறித்த நிலம், அடிமை உழைப்பு என்று தொடங்கிய சொத்துகளுக்கு என்ன பதில்? பழைய அநீதியைச் சரிசெய்யும் விதி ஒன்று நோசிக்கிடமே உண்டு. அரசு மிகச் சிறியதாக இருந்தால் போதும் என்று வாதிட்ட அவரே, அதற்காகத் தற்காலிகமாகப் பெரிய அரசு தேவைப்படலாம் என்றும் எழுதியிருக்கிறார். அவரைக் கொண்டாடுபவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதில்லை!

தனிமனிதனைச் சமூக உறவுகளிலிருந்து பிய்த்தெடுத்து யோசிக்க முடியாது என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் மைக்கேல் சாண்டெல் ரால்ஸை 1982இல் விமர்சித்தார். நல்ல எச்சரிக்கை. ஆனால் சமூகத்தின் வழக்கமே அநீதியாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் வலுவான விடை எனக்குக் கிடைக்கவில்லை.

அமர்த்தியா சென்னின் வழி வேறு. ஒரே அளவு பணம் கொடுத்தாலும், நடக்க முடியாதவரால் மற்றவரைப் போல வெளியே போய்வர முடியாது. அதனால் கையில் என்ன இருக்கிறது என்பதோடு, அதை வைத்து என்ன செய்ய முடிகிறது என்றும் பார்க்கச் சொல்கிறார்; இப்படிச் செய்ய முடிவதைத்தான் 'திறன்' என்கிறார். முழுநிறைவான நீதியை வரையறுக்கும்வரை காத்திருக்காமல், இருக்கும் இரண்டு நிலைகளில் எது மேல் என்று ஒப்பிட்டாலே போதும் என்கிறார். ரால்ஸை விட இதுவே எனக்கு உதவுகிறது. ஒரு குறை: எந்தத் திறன்கள் முக்கியம் என்று நிலையான பட்டியல் போட அவர் மறுக்கிறார். இதே வழியில் யோசித்த தத்துவ அறிஞர் மார்த்தா நுஸ்பாம் பத்துத் திறன்களைப் பட்டியலிட்டார். சட்டம் எழுத உட்காருபவர் கையில் எடுக்கக்கூடியது அதுதான்.