டிஸ்க் சாகவில்லை, அழித்துவிட்டார்கள்: லினக்ஸ் போடக் கொடுத்த லேப்டாப்

விண்டோஸோடு சேர்த்து லினக்ஸும் (விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்குகிற இன்னொரு மென்பொருள்) போட்டுத் தரச் சொல்லி லேப்டாப்பைக் கடையில் கொடுக்கப் போகிறவர்கள், ஐந்து நிமிடம் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 7,500 ரூபாயும் ஆறு மாதக் கணக்கும் போய்விட்டது.

நான் திருநெல்வேலியில் வீட்டிலிருந்தே மூன்று கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதுகிறேன். மகள் இன்ஜினியரிங் முதல் வருடம். அவள் கல்லூரி லேபில் எல்லாமே உபுண்டு என்கிற லினக்ஸ் வகை. எனக்கோ டேலிக்கு விண்டோஸ் வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். ஆன் செய்யும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிற மாதிரி இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். இது அபூர்வமான காரியம் இல்லை. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்பிலேயே விண்டோஸும் பாஸ் என்கிற இன்னொரு லினக்ஸ் வகையும் சேர்ந்துதான் வந்தன.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சர்வீஸ் கடை. "ஒரு மணி நேர வேலைதான்க்கா. 1,200 ஆகும், நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க" என்றார் கடைக்காரர். பேக்கப் எடுத்தாச்சா என்று கேட்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றும் கேட்கவில்லை. லேப்டாப்பை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. "அக்கா, உங்க டிஸ்க் போயிட்டு. நீங்க கொண்டாரும்போதே ரீட் ஆகல. புதுசு போட்டாத்தான் ஓடும்." காலையில் அதே லேப்டாப்பில் பில் அடித்துவிட்டுத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று சொன்னேன். "எஸ்எஸ்டி அப்படித்தான்க்கா, சொல்லாமப் போயிரும்" என்றார். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற டிஸ்க். ஜிஎஸ்டி தாக்கல் செய்ய 20ஆம் தேதி கடைசி. கையில் நான்கு நாள்தான் இருந்தது. சரி, போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பில்லில் இருந்தது இது: புது எஸ்எஸ்டி 3,800. விண்டோஸ் 1,000. லினக்ஸ் லைசன்ஸ் 1,500. கூலி 1,200.

மகள் அந்த மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டாள். "அம்மா, உபுண்டுக்கு லைசன்ஸ் பணமே கிடையாது." உண்மைதான். உபுண்டுவின் தளத்திலிருந்து யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், கிட்டத்தட்ட 6 ஜிபி. போட்டுக் கொடுக்கிற வேலைக்குக் கூலி வாங்குவது நியாயம். அதைத் தனியாக வாங்கிவிட்டார்களே! லைசன்ஸ் என்று இன்னொரு 1,500 வாங்கியது பச்சைப் பொய். விண்டோஸ் கதையும் அதேதான். 2023இல் வாங்கிய லேப்டாப், கூடவே வந்த விண்டோஸின் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பைத் திரும்பப் போட்டால் நெட்டில் இணைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

ஒரு நல்ல காரியம் செய்தோம். பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிவந்தோம். "அது குப்பைதானே, எதுக்கு" என்று இழுத்தடித்தார்கள். மகள் விடவில்லை. அவள் சீனியர் ஒருத்தியிடம் யுஎஸ்பியில் மாட்டுகிற கேஸ் இருந்தது. அதில் போட்டு இணைத்ததும் டிஸ்க் ஒரு நொடியில் வந்து நின்றது. ஆரோக்கியச் சோதனையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் என் சி டிரைவ், டி டிரைவ் எதுவுமே அங்கே இல்லை. லேப்டாப் தொடங்குவதற்கு ஒரு சின்னப் பகுதி, மீதி டிஸ்க் முழுக்க ஒரே லினக்ஸ் பகுதி. அந்தப் பகுதி எப்போது உருவானது என்று லினக்ஸ் தனக்குள்ளேயே குறித்து வைத்திருக்கும். அந்தப் பெண் ஒரு கட்டளை அடித்துக் காட்டினாள். நான் லேப்டாப்பைக் கொடுத்த அதே நாள், மத்தியானம்.

செத்துப்போய் வந்ததாகச் சொன்ன டிஸ்க்கில் அன்றைக்கே உபுண்டு ஏறியிருக்கிறது. நிறுவும்போது, விண்டோஸுக்குப் பக்கத்தில் போடு என்று ஒரு வழி வரும், டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுப் போடு என்று இன்னொன்று வரும். அவர்கள் அழித்துவிட்டார்கள். ஏன் என்பதும் எங்களுக்குப் பிறகு புரிந்தது. இப்போதைய விண்டோஸ் 11 லேப்டாப்களில் பல, நாம் கேட்காமலே பிட்லாக்கர் என்ற பூட்டோடு வருகின்றன. அந்தப் பூட்டைத் திறக்காமல் உபுண்டுவை நிறுவுகிற மென்பொருளால் விண்டோஸ் பகுதியைச் சுருக்கி இடம் எடுக்க முடியாது. கடைப் பையன் அங்கே நின்று எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. தவறு செய்ததைக்கூட மன்னித்திருப்பேன். அதை மறைக்க, நல்ல டிஸ்க்கைச் செத்ததென்று சொல்லி என்னிடமே புதுசு விற்றதை எப்படி மன்னிப்பது?

மீட்க முடியுமா என்று இரண்டு இடத்தில் கேட்டோம். பூட்டிய டிஸ்க், அதுவும் எஸ்எஸ்டி, மேலே வேறொன்றை எழுதியாகிவிட்டது, வாய்ப்பில்லை என்றார்கள். பதினோரு ராத்திரி உட்கார்ந்து காகித பில்களைப் பார்த்துத் திரும்ப ஏற்றினேன். தாக்கல் தாமதமானதற்கு ஒரு கடைக்கு அபராதத்தை நான் கட்டினேன்.

பிறகு அந்தச் சீனியர் பெண்ணே வீட்டுக்கு வந்து, கடை போட்டதையெல்லாம் எடுத்துவிட்டு இரண்டையும் முறையாகப் போட்டுக் கொடுத்தாள். அவள் செய்த வரிசையைச் சொல்கிறேன், கடையில் கொடுத்தாலும் இதெல்லாம் நடக்கிறதா என்று பாருங்கள். முதலில் நான் திரும்ப ஏற்றிய ஃபைல்கள் எல்லாம் வெளி டிஸ்க்குக்குப் போயின. பிட்லாக்கர் சாவி 48 இலக்கம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், அதைத் தாளில் எழுதச் சொன்னாள், பிறகுதான் பூட்டை அணைத்தாள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்தாள். அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாமல் போகும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே 100 ஜிபி சுருக்கிக் காலியாக விட்டாள், அந்தக் காலி இடத்தில் மட்டும் உபுண்டு போனது. மறுநாள் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டியபோது பதறிவிட்டேன். இரண்டும் நேரத்தை வேறு வேறு விதமாக வைத்துக்கொள்வதால் வருவதுதானாம், ஒரே கட்டளையில் சரியானது. மொத்தம் இரண்டரை மணி நேரம். பணம் வாங்க மறுத்துவிட்டாள்.

பில், டிஸ்க், அந்தத் தேதி தெரிகிற படம் எல்லாவற்றையும் வைத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். சரியாகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது. நேற்று கடைக்காரர் போன் செய்தார். "லைசன்ஸ் காசு 1,500ஐத் திருப்பித் தந்திருதேன்க்கா, புகாரை வாபஸ் வாங்கிருங்க." முழு 7,500ம் வேண்டும், டிஸ்க்கை அழித்தது நாங்கள்தான் என்று எழுதியும் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார்.