மாஸ்டர் யார் கையில்? லேபிள், சொந்த ரிலீஸ், யூடியூப், மேடை: சென்னை இண்டி இசைக்கு ஓர் ஒப்பீடு

சாலிகிராமத்தில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ரூம் வைத்திருக்கிறேன். மிக்ஸிங் முடிந்து ஃபைலை வாங்கிக்கொண்டு கிளம்பும் பாடகர்கள் அநேகமாக எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, இதை லேபிளுக்குக் கொடுக்கலாமா, நாமளே போட்டுடலாமா?"

கேள்வியில் இருப்பது இரண்டு வழி. நடைமுறையில் நான்கு உண்டு. லேபிளிடம், அதாவது பாட்டை வெளியிடும் ஆடியோ கம்பெனியிடம் கொடுப்பது, பாட்டைத் தளங்களில் ஏற்றித்தரும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக நாமே வெளியிடுவது, யூடியூபை முதன்மையாக வைத்து இறங்குவது, மேடையில் சம்பாதிப்பது. இவற்றைப் பணத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும், ஏனென்றால் முதல் சில வருடங்களுக்கு மேடையைத் தவிர எதிலும் பெரிதாகப் பணம் கிடையாது. அதனால் நான் வேறொன்றைத்தான் முதலில் பார்ப்பேன். ஐந்து வருடம் கழித்து அந்தப் பாட்டின் மாஸ்டர், அதாவது முடிந்த ஒலிப்பதிவு, யாருடையதாக இருக்கும்?

லேபிள்: கூட்டம் தயார், கையெழுத்துதான் விலை

சென்னையில் லேபிள் என்றால் பெரும்பாலும் சினிமா ஆடியோ கம்பெனிதான். திங்க் மியூசிக், சோனி மியூசிக் சவுத் போன்றவை சினிமாப் பாட்டுகளோடு சினிமா சாராத சுயாதீன (இண்டி) பாட்டுகளையும் வெளியிடுகின்றன. லட்சக்கணக்கான சப்ஸ்கிரைபர்கள் ஏற்கெனவே இருக்கும் சேனலில் உங்கள் பாட்டு விழும். சில சமயம் வீடியோ செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அப்புறம், யாரும் வெளியே சொல்லாத ஆசை ஒன்று உண்டு: அந்த வழியாக சினிமாவுக்குள் போய்விடலாம். வீண் ஆசை என்று தள்ளிவிடவும் முடியாது. ஹிப்ஹாப் தமிழா 2011-ல் இணையத்தில் பரவிய ஒரு பாட்டோடு தொடங்கி, 2012-ல் ஆல்பம் போட்டு, அங்கிருந்து சினிமா இசையமைப்பாளர்கள் ஆனவர்கள்தான்.

சரி, விலை என்ன? ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருக்கும்: இன்றுள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக உரிமை கம்பெனிக்கே. என்னிடம் வருகிறவர்கள் காட்டும் தாள்களில் இந்த வரி ஏதாவது ஒரு வடிவில் இருந்துகொண்டே இருக்கிறது. பலர் அதைப் படிப்பதில்லை. படித்தவர்களும் "ஸ்டாண்டர்டு ஃபார்மட் சார், எல்லாரும் இதில்தான் கையெழுத்துப் போடறாங்க" என்ற பதிலில் அடங்கிவிடுகிறார்கள்.

நம் காப்புரிமைச் சட்டம் இந்த விஷயத்தில் கலைஞன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது. எவ்வளவு காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளப்படும். எந்த ஊர் வரை என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு இன்னொன்றும் உண்டு: பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது, விட்டுக்கொடுக்கவும் முடியாது. "எல்லாத்தையும் கொடுத்தாச்சு" என்று நீங்களே நினைத்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பங்கு உங்களுடையதுதான். ஆனால் இது எழுத்தாளர், இசையமைப்பாளர் என்ற முறையில் வரும் பங்கு. ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர், வேறு சொத்து. அதைக் கொடுத்தால் கொடுத்ததுதான். வெளியான ஒலிப்பதிவுக்குச் சட்டம் தரும் ஆயுள் 60 வருடம்.

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' ஊரெல்லாம் ஒலித்தது. மூன்று வருடம் கழித்து, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். பாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் தரப்பு வேறாக இருந்தது. யார் சொன்னது சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. சினிமாவில் பெயர் வாங்கிய ஒருவரே கணக்கு கேட்டு வீடியோ போட வேண்டி வந்தது என்பதைப் பார்க்கிறேன். வேளச்சேரியில் மாடி ரூமில் பாட்டுப் போடும் பையன் கேட்டால் யார் கணக்கு காட்டப்போகிறார்கள்? ஒப்பந்தத்தில் சதவீதம் எவ்வளவு என்பதைவிட, கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எந்த வடிவில் வரும், சரிபார்க்க நமக்கு உரிமை உண்டா என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

லேபிளிலேயே நல்ல வகை ஒன்று உண்டு, லைசென்ஸ். மாஸ்டர் உங்களிடமே இருக்கும், மூன்று வருடமோ ஐந்து வருடமோ அவர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள். கேட்டால்தான் தருவார்கள்.

சொந்த ரிலீஸ்: எல்லாம் நம்முடையது, வேலையும்

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் ஆகியவற்றுக்குத் தனி ஆள் வழக்கமாக நேரடியாகப் பாட்டு ஏற்ற முடியாது. நடுவில் டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். இங்கேயும் மூன்று விதமான வியாபாரம் இருக்கிறது. டிஸ்ட்ரோகிட் வருடச் சந்தா வாங்கும், எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றலாம், ராயல்டியில் கமிஷன் எடுக்காது. சிடி பேபி ஒரு ரிலீஸுக்கு ஒருமுறை கட்டணம், கூடவே வருமானத்தில் 9 சதவீதம். ரூட்நோட்டின் இலவசத் திட்டத்தில் முன்பணம் எதுவும் இல்லை, 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள்.

மாதம் ஒரு பாட்டு போடும் ராப்பருக்கு வருடச் சந்தாதான் லாபம். ஆனால் சந்தா கட்டுவதை நிறுத்தினால் பாட்டுகள் தளங்களிலிருந்து இறங்கிவிடும், அப்படியே இருக்க வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம். வேலை, கல்யாணம், குழந்தை என்று இரண்டு வருடம் இசைப் பக்கமே வராமல் போகிறவர்களை இந்த ரூமிலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒரு பாட்டு போடும் ஆளாக இருந்தால் ஒருமுறை கட்டணமோ இலவசத் திட்டமோ நிம்மதி.

படிவத்தை அவசரமாக நிரப்புவதில்தான் பல பாட்டுகள் கெடுகின்றன. ஆர்டிஸ்ட் பெயர் கார்த்திக் என்று போட்டால் உங்கள் பாட்டு வேறொரு கார்த்திக்கின் பக்கத்தில் போய் உட்காரும். ஒரு ரிலீஸில் இனிஷியல் முன்னால், அடுத்ததில் பின்னால் என்று போட்டால் உங்களுக்கே இரண்டு பக்கம் உருவாகும், கேட்பவர்கள் இரண்டாகப் பிரிவார்கள். யூடியூப் கன்டென்ட் ஐடி என்று ஒரு கட்டம் வரும்: உங்கள் பாட்டு மற்றவர் வீடியோவில் வந்தால் கண்டுபிடித்து, உங்கள் பெயரில் உரிமை கோரும் (க்ளெய்ம்) ஏற்பாடு. காசு வருமே என்று எல்லோரும் டிக் அடிக்கிறார்கள். பாட்டில் கடையில் வாங்கிய லூப், அதாவது முன்பே பதிந்து விற்கும் இசைத் துண்டு, இருந்தால் அடிக்கக் கூடாது. அதே லூப்பை உலகத்தில் ஆயிரம் பேர் வாங்கியிருப்பார்கள், அவர்கள் வீடியோ மேலெல்லாம் உங்கள் பெயரில் க்ளெய்ம் போகும், கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர் உங்கள் கணக்கில்தான் கை வைப்பார். இந்தக் காரணத்துக்காகவே தவில், பறை, கஞ்சிரா எதுவாக இருந்தாலும் ஆளைக் கூப்பிட்டு வாசித்துப் பதியச் சொல்வேன். சத்தமும் நன்றாக இருக்கும்.

ரிலீஸ் தேதியை நாளைக்கே என்று வைக்காதீர்கள். ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க குறைந்தது ஏழு நாள் முன்னதாகவே பாட்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மூன்று நான்கு வாரம் விட்டால் நல்லது.

இனி பணம். ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு என்று நிலையான விலை எதுவும் கிடையாது. சந்தாவும் விளம்பரமும் சேர்ந்த தொகையைப் பங்கு போடுகிறார்கள். சைதாப்பேட்டையில் இலவசமாகக் கேட்பவரால் வருவதைவிட கனடாவின் ஸ்கார்பரோவில் சந்தா கட்டிக் கேட்கும் தமிழரால் வருவது பல மடங்கு. அதனால் ஈழத் தமிழர், மலேசியத் தமிழர் என்று வெளியே இருக்கும் கேட்பவர்களைச் சென்னைக்காரர்கள் மறப்பது பெரிய நஷ்டம். இன்னொன்று, 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாவிட்டால் அதற்கு ராயல்டியே கிடையாது. இந்த இடத்தில்தான் இன்ஸ்டாகிராமில் "பத்தாயிரம் ஸ்ட்ரீம், கேரண்டி" என்று மெசேஜ் வரும். போலி ஸ்ட்ரீமுக்கு ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிபியூட்டரிடம் அபராதம் வாங்குகிறது. அது உங்கள் தலையில் விழலாம், பாட்டும் இறங்கிவிடலாம்.

டிஸ்ட்ரிபியூட்டர் தருவது மாஸ்டருக்கான பணம் மட்டும். வரிக்கும் மெட்டுக்குமான பணம் வேறு குழாயில் வருகிறது, அதற்குப் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் ராயல்டி அமைப்பான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிய வேண்டும். 1969-ல் தொடங்கிய அமைப்பு, மும்பையில் தலைமையகம். பாடியவர்களுக்கு, இஸ்ரா என்று தொடங்கி இப்போது இசாம்ரா என்று பெயர் மாறிய தனி அமைப்பு இருக்கிறது. எழுதி, இசையமைத்து, பாடுவது எல்லாம் ஒரே ஆள் என்றால் இரண்டிலும் சேர வேண்டியதுதான். அலுப்பான வேலை. சொந்த ரிலீஸ் என்றாலே பாதி நாள் படிவம் நிரப்புவதுதான், அது பிடிக்காதவர்கள் லேபிளுக்குப் போவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

யூடியூப்: தமிழ் கேட்பவர்கள் இருக்கும் இடம்

தமிழில் பாட்டுத் தேடுகிறவர்கள் முதலில் போவது இங்கேதான், அதனால் இது இல்லாமல் முடியாது. விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அந்த மணி நேரத்துக்குப் பதிலாக 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வை இருந்தாலும் போதும். மூன்றரை நிமிடப் பாட்டு போடுகிறவருக்கு 4,000 மணி நேரம் என்பது மலை. அதைத் தாண்டினாலும் 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் வங்கிக்கு வரும். வரி விவரப் படிவத்தை மறக்காமல் கொடுங்கள். கொடுத்தால் அமெரிக்கப் பார்வைகளிலிருந்து வரும் பங்கில் 15 சதவீதம் பிடிப்பார்கள். கொடுக்காவிட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை போகும்.

சீக்கிரம் வளர சினிமாப் பாட்டை நாமே பாடி கவர் போடலாம் என்பார்கள். கூட்டம் வரும், உண்மைதான். ஆனால் க்ளெய்ம் விழுந்து விளம்பரக் காசு ஆடியோ கம்பெனிக்குப் போகும். வந்த கூட்டமும் அடுத்த கவரைத்தான் கேட்கும், உங்கள் பாட்டை அல்ல.

மேடை: இன்றைக்கே கையில் காசு

பெங்களூரு மாதிரி தெருவுக்கு ஒரு பப், ஒவ்வொன்றிலும் பேண்ட் என்பது இங்கே கிடையாது. தமிழ்நாட்டில் மதுக்கடைகள் டாஸ்மாக் கையில். தனியார் பார் பெரும்பாலும் ஹோட்டலுக்குள்ளோ கிளப்புக்குள்ளோதான். அதனால் சொந்தப் பாட்டு வாசிக்கும் வழக்கமான இடங்கள் இங்கே குறைவு. எழும்பூர் மியூசியம் தியேட்டர், கல்லூரி சாலை அலியான்ஸ் பிரான்சேஸ், பெசன்ட் நகர் ஸ்பேசஸ் போன்ற இடங்களில் நாமே நிகழ்ச்சி வைத்தால் வாடகை, சவுண்ட், லைட், போஸ்டர் எல்லாம் கையிலிருந்து போகும். முதல் சில நிகழ்ச்சிகளில் லாபம் எதிர்பார்க்கவே வேண்டாம். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறியபோது அவ்வளவு கூட்டம் திரண்டது என்றால், பின்னால் இயக்குநர் பா. ரஞ்சித்தும் நீலம் பண்பாட்டு மையமும் இருந்தார்கள், பாட்டில் சொல்ல ஒரு விஷயமும் இருந்தது. தனி ஆளுக்கு அது எளிதல்ல.

உண்மையான காசு கல்யாண ரிசப்ஷனில்தான். அட்வான்ஸ் வரும், மீதி அன்றைக்கே வரும். பாடவேண்டியது மெலடி நான்கு, அப்புறம் குத்துப்பாட்டு. நடுவில் சொந்தப் பாட்டை நுழைத்துப் பார்த்த நண்பர்கள் இருக்கிறார்கள், பந்திக்குக் கூட்டம் எழுந்து போகும் நேரம் சரியாக அதுவாகத்தான் இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. சபா வாசிக்கும் மிருதங்கக்காரர்களுக்கு மார்கழி சீசன், கீபோர்டு வாசிப்பவருக்கு அது வெறும் மாதம். அந்த இரண்டு மாத வாடகையை முன்கூட்டியே எடுத்து வைக்காதவர்கள்தான் கஷ்டத்தில் லேபிளின் நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

என் கணக்கு

சொந்தமாக எழுதி இசையமைக்கும் ஆள் என்றால்: வாடகைக்கு ரிசப்ஷன், மாஸ்டர் தன் பெயரில் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக, வீடியோ தன் சேனலில். மெதுவாகத்தான் போகும். பாட்டுக் கேட்கும் ஆப்களில் ரெஸ்ஸோ 2024 ஜனவரியில் இந்தியாவில் மூடியது, விங்க் அதே வருடம் மூடியது. அதற்கு முன் 2020-ல் டிக்டாக் ஒரே இரவில் போனது. ஒவ்வொரு முறையும், மாஸ்டர் கையில் வைத்திருந்தவர் பாட்டை அடுத்த தளத்துக்கு எடுத்துப் போனார். ஒரே தளத்தில் ஃபாலோயர்களை மட்டும் சேர்த்தவர் முதலிலிருந்து தொடங்கினார்.

பாட மட்டுமே விருப்பம், சினிமாதான் குறி என்றால் கணக்கு மாறும். அவருக்கு மாஸ்டரைவிட முகம் தெரிவது முக்கியம், லேபிள் சேனல் அதைத் தரும். ஒன்றிரண்டு பாட்டை அதற்கான செலவாக நினைத்துக் கொடுக்கலாம், எல்லாவற்றையும் வேண்டாம்.

இரண்டில் யாராக இருந்தாலும், லேபிள் அழைத்தால் போய்ப் பேசுங்கள். கேட்க வேண்டியது மூன்று: காலம் ஐந்து வருடத்துக்குள் இருக்குமா, விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிப்பார்கள் என்பதை எழுத்தில் தருவார்களா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வருமா. மூன்றுக்கும் "கம்பெனி பாலிசி" என்றே பதில் வந்தால், அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பி, அன்று இரவே டிஸ்ட்ரிபியூட்டர் படிவத்தைத் திறந்துவிடலாம். இனிஷியலை மட்டும் ஒரே மாதிரி போடுங்கள்.