பழைய போன்ல பிஎஸ்1 கேம்: டக்ஸ்டேஷனா, ரெட்ரோஆர்ச்சா?

டிராயர்ல சும்மா கெடந்த பழைய போன், 1.4 கிகாஹெர்ட்ஸ்ல நாலு ஏ53 கோர் இருக்கற சிப்பு, 2 ஜிபி ராம், அதுல தம்பி பையனுக்கு பிளேஸ்டேஷன் 1 (பிஎஸ்1) சண்ட கேமான டெக்கன் 3 போட்டுக் குடுக்கலாம்னு எறங்கி ரெண்டு வாரமா டக்ஸ்டேஷன், ரெட்ரோஆர்ச்னு ரெண்டு எமுலேட்டரையும் (பழைய கன்சோல் கேம போன்ல ஓட்டுற ஆப்) மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்தேன். கடைசில வெச்சுக்கிட்டது ரெட்ரோஆர்ச், அதுக்குள்ள பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு கோர், அதாவது பிஎஸ்1 கேம நெஜமா ஓட்டுற பகுதி.

டக்ஸ்டேஷன் நல்ல சாஃப்ட்வேர், அதுல சந்தேகமே இல்ல. மெனு ஈஸி, பிஜிஎக்ஸ்பின்னு ஒரு படத் திருத்த ஆப்ஷன ஆன் பண்ணா பிஎஸ்1 படத்துல வழக்கமா வர்ற அந்த பாலிகான் நடுக்கம் அடங்கிடும். புது போன் வெச்சிருக்கவங்க யோசிக்கவே வேணாம், இதையே போடுங்க.

என்னைய முடிவு பண்ண வெச்சது சூடு. மொத பத்து நிமிஷம் ரெண்டுமே 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃபிரேம்), வித்தியாசமே தெரியல. டக்ஸ்டேஷன்ல ரெசல்யூஷன டபுளா வெச்சு கால் மணி நேரம் ஆடினதும் கேமரா பக்கத்துல பின்மூடி சுட ஆரம்பிச்சுது, சூடு ஏறினா சிப்பு தன்னால ஸ்பீட கொறைச்சுக்கும்ல, அப்ப மொதல்ல சவுண்டு கரகரங்குது, அதுக்கப்புறம் அடி விழறதே லேட்டா விழுது. ஒரிஜினல் ரெசல்யூஷனுக்கு எறக்கினேன், இன்னும் கொஞ்ச நேரம் தாங்குச்சு, அவ்ளோதான். டைமிங்க துல்லியமா கணக்கு பண்ற எமுலேட்டர், அந்த வேலைய இந்த சிப்பு மேல ஏத்துறோம், சூடாகத்தான் செய்யும்.

ரீஆர்ம்டு கத வேற. நோடாஸ்ங்கறவர் பண்டோரான்னு ஒரு கையடக்க கேம் மெஷினுக்காக ரெடி பண்ணது, அதுல இருந்ததே 600 மெகாஹெர்ட்ஸ் சிங்கிள் கோர். பிஎஸ்1-ஓட கோட போன் சிப்புக்குப் புரியற ஏஆர்எம் கோடா மாத்தி ஓட்டுற டைனாரெக், ஏஆர்எம் சிப்போட வேகமான கட்டளைத் தொகுப்பான நியான்ல எழுதின கிராபிக்ஸ், எல்லாமே கம்மி சக்திய மனசுல வெச்சு செஞ்சது. அதே போன், அதே டெக்கன், ஒரு மணி நேரம் ஆடியும் பின்பக்கம் லேசா வெதுவெதுன்னுதான் இருந்துச்சு.

கொறையும் இருக்கு, ரெட்ரோஆர்ச் மெனு மொத ரெண்டு நாள் தலைய சுத்த வைக்கும், படமும் கட்டம் கட்டமாத்தான் தெரியும், அஞ்சு இன்ச் ஸ்கிரீன்ல அது எனக்கு உறுத்தல. பயாஸ் (கன்சோல ஸ்டார்ட் பண்ற உள் சாஃப்ட்வேர்) இல்லாமலும் இது ஓடும், இருந்தாலும் சில கேம் மக்கர் பண்ணும், உங்க சொந்த கன்சோல்ல இருந்து எடுத்த பயாஸ போட்டுடுங்க. நான் நல்லா ஆடிப் பாத்தது டெக்கன், கிராஷ், கிரான் டூரிஸ்மோ 2 மூணுதான், அதுவும் இந்த ஒரு போன்லதான், அதனால உங்க போன்ல கொஞ்சம் முன்னபின்ன இருக்கலாம்.

ரீஆர்ம்டு செட்டிங்ஸ்ல, படத்த கூர்மையாக்குற என்ஹான்ஸ்டு ரெசல்யூஷன ஆஃப்லயே வைங்க. படம் காட்டுற வேலைய தனியா பிரிச்சு ஓட்டுற த்ரெடட் வீடியோ போட்டா ஓட்டம் ஸ்மூத்தாகும், ஆனா பட்டன் ஒரு நொடிப்பொழுது பின்தங்கும், சண்ட கேமுக்கு அது ஆகாது. ஆடும்போது கவர கழட்டிடுங்க, சார்ஜ்ல போட்டுட்டு ஆடாதீங்க. ஆட்டத்த நின்ன எடத்துலயே எமுலேட்டர் பதிஞ்சு வைக்கிற சேவ் ஸ்டேட்ட மட்டும் நம்பாம கேமுக்குள்ளயும் மெமரி கார்டுல சேவ் பண்ணுங்க, ஒரு எமுலேட்டரோட ஸ்டேட் இன்னொண்ணுல தெறக்காது, நாளைக்கு நல்ல போன் வாங்கி டக்ஸ்டேஷனுக்கே போனாலும் அந்த 128 கேபி கார்டு ஃபைல தூக்கிட்டுப் போயிடலாம்.